போன கிருமி திரும்பி வருமா?



இன்று நாம் பேசப் போவது வயிற்றுக்குள் குடியிருக்கும் ஒரு கிருமியைப் பற்றி. அதிலும், மருந்து கொடுத்து விரட்டிய பிறகு மறுபடியும் தலைகாட்டும் கிருமியைப் பற்றி.

கிள்ளான் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டம். அங்கே வாழும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கணவர் குலை வெட்டுகிறார். மனைவி உதிரிப் பழம் பொறுக்குகிறார். வீட்டில் ஒரு பாட்டியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். கணவருக்கு நெடுநாளாக நெஞ்சுக்குழியில் எரிச்சல். நடு இரவில் வலி எழுப்பிவிடும். நாலு பிஸ்கட் தின்றால் சற்றுத் தணியும். கடைசியில் மருத்துவமனைக்குப் போனார். வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்த்தார்கள். புண் இருந்தது; கிருமியும் இருந்தது. பதினான்கு நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். ஐந்தாம் நாளே வலி போய்விட்டது. வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி.

ஒரு வருடம் கழிந்தது. மறுபடியும் அதே எரிச்சல்.

"நீ குழம்பில் காரத்தைக் கூட்டிவிட்டாய்" என்கிறார் கணவர். "நீங்கள்தான் கடையில் கண்டதைத் தின்கிறீர்கள்" என்கிறார் மனைவி. "மருந்தில் சத்தே இல்லை" என்கிறார் பாட்டி. மூவரும் கோபமாக இருக்கிறார்கள். ஆனால், கேட்க வேண்டிய கேள்வியை மூவரும் கேட்கவில்லை. திரும்பி வந்தது பழைய கிருமியா, புதிய கிருமியா, அல்லது வந்தது கிருமியே இல்லையா? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால்தான் அடுத்த வைத்தியம் சரியாக அமையும். இன்றைய பேச்சு முழுவதும் இதைப் பற்றியதுதான்.

முதலில் இந்தக் கிருமி யார் என்று பார்த்துவிடுவோம். இதன் பெயர் ஹெலிகோபேக்டர் பைலோரி. திருகாணி போல முறுக்கிய உடம்பு. ஒரு பக்கத்தில் சாட்டை போன்ற சில வால்கள். இரைப்பையில் ஊறும் அமிலம் மற்றக் கிருமிகளைக் கொன்றுவிடும். இதுவோ தன்னைச் சுற்றி அமோனியாவை உண்டாக்கி அந்த அமிலத்தை முறித்துக்கொள்கிறது. பிறகு இரைப்பையின் உட்சுவரில் படிந்திருக்கும் வழவழப்பான சளிப் படலத்துக்கு அடியில் புகுந்து, வருடக்கணக்கில் அங்கேயே தங்கிவிடுகிறது.

நெடுங்காலமாக, கவலையும் காரமும் அமிலமுமே வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் என்று மருத்துவர்களும் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகர மருத்துவமனையில் பணிபுரிந்த ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இருவர் அந்த எண்ணத்தை மாற்றினார்கள். நோயாளிகளின் இரைப்பையிலிருந்து எடுத்த சதைத் துணுக்கில் கிருமியை வளர்த்துப் பார்க்க முயன்றார்கள். இரண்டு நாள் வைத்துப் பார்ப்பார்கள், ஒன்றும் முளைக்காது, தட்டை எறிந்துவிடுவார்கள். 1982ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறை வந்தது. தட்டுகள் கூடுதலாகச் சில நாள்கள் அப்படியே கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது! இது மெதுவாக வளரும் கிருமி என்பது அப்போதுதான் விளங்கிற்று. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து, சில நாள்களில் இரைப்பையில் அழற்சி கண்டு வாந்தி எடுத்து, தம் கூற்றை மெய்ப்பித்தார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

நேயர்களே, மெதுவாக வளரும் கிருமி என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதை வைத்துத்தான் பல செய்திகள் விளங்கப் போகின்றன.

இந்தக் கிருமி நம்மிடம் எப்படி வந்தது? பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், சொந்த வீட்டிலேயே தொற்றுகிறது. வாயிலிருந்து வாய்க்கும், மலத்திலிருந்து கை வழியாக வாய்க்கும், வாந்தியிலிருந்தும் பரவுகிறது. ஒரே அறையில் பலர் படுத்து, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரே கழிப்பறையைப் பல குடும்பங்கள் பயன்படுத்தும் இடத்தில் அதற்குக் கொண்டாட்டம். பழைய தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் பேராசிரியர் கோ கியான் லீயும் அவருடன் உழைத்தவர்களும் 1990களிலிருந்து இதை ஆராய்ந்தார்கள். நம் நாட்டில் மலாய்க்காரர்களிடம் இந்தக் கிருமி குறைவு. சீனரிடமும் இந்தியரிடமும் மிகுதி என்று கண்டார்கள். தென்னிந்தியாவிலிருந்தும் தென்சீனாவிலிருந்தும் வந்த முன்னோர்கள் இதையும் வயிற்றில் சுமந்து வந்தார்கள். பிறகு அது அந்தந்தச் சமூகத்துக்குள், குடும்பத்துக்குள், தலைமுறை தலைமுறையாகக் கைமாறியது என்பது அவர்கள் தந்த விளக்கம். 2009இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு கிருமியின் மரபணுவையே பார்த்தது. மலேசிய இந்தியரின் வயிற்றில் இருக்கும் கிருமி தெற்காசியக் கிருமிக்கு உறவு என்று அது காட்டியது.

எண்ணிப் பாருங்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, போர்ட் சுவெட்டன்ஹாமில், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்தில், இறங்கிய நம் பாட்டனார்களைத் தடுப்பு முகாமில் நிறுத்தி அம்மைக்கும் வாந்திபேதிக்கும் சோதித்தார்கள். இந்தக் கிருமியோ அன்று எவருக்கும் தெரியாமல் கரையேறிவிட்டது. ஆகவே, கிருமி இருக்கிறது என்று மருத்துவர் சொன்னால் வெட்கப்பட ஒன்றுமில்லை. அது நம் அசுத்தத்துக்குக் கிடைத்த தண்டனை அன்று. பழைய வாழ்க்கை விட்டுச் சென்ற ஒரு பாக்கி. அந்தப் பாக்கியைத் தீர்த்துவிட முடியும்.

தீர்க்காமல் விட்டால் என்ன? கிருமி உள்ள எல்லாருக்கும் நோய் வருவதில்லை. பலர் ஒரு தொல்லையும் இல்லாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். ஆனால், சிலருக்குப் புண் உண்டாகிறது. புண் பெரிதாகி இரத்தம் கசியலாம், இரைப்பையில் ஓட்டை விழலாம். இன்னும் சிலருக்குப் பல ஆண்டுகளுக்குப் பின் இரைப்பைப் புற்றுநோய் வரலாம். 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்தக் கிருமியைப் புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டு இந்தியரிடம் கிருமி மிகுதியாக இருந்தும், சீனரைவிட இரைப்பைப் புற்றுநோய் குறைவாகவே காணப்படுகிறது. குறைவு என்றால் இல்லை என்று பொருள் அன்று.

இப்போது நம் குடும்பத்துக்குத் திரும்புவோம். ஒரு வருடத்துக்குப் பின் வந்த எரிச்சலுக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்.

முதற்காரணம்: வந்தது கிருமியே அன்று. கிருமி செத்த பிறகும் வயிறு எரியலாம். உடம்பு வலிக்காக அடிக்கடி விழுங்கும் வலி மாத்திரைகள் இரைப்பையில் தாமாகவே புண்ணை உண்டாக்கும். தலையில் சுமந்து, தோளில் தூக்கி உழைப்பவர்கள் வேலை முடிந்து வந்ததும் கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது நமக்குத் தெரிந்த வழக்கந்தானே? மூட்டு வலிக்கென்று விற்கும் சில நாட்டு மருந்துகளில் வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் களவாகக் கலந்திருந்ததை நம் சுகாதார அமைச்சு கண்டுபிடித்துப் பலமுறை எச்சரித்திருக்கிறது. இவை தவிர, அமிலம் மேலே ஏறி நெஞ்சு எரிவதும் உண்டு. ஆகவே, எரிந்தவுடன் "கிருமி வந்துவிட்டது" என்று முடிவு கட்டக்கூடாது. சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாங்காரணம்: பழைய கிருமி சாகவே இல்லை. மறைந்திருந்து மீண்டும் தழைத்தது. லாலான் புல்லை வெட்டியவர்களுக்கு இது நன்றாகப் புரியும். மேலே வெட்டினால் நிலம் சுத்தமாகத் தெரியும். மண்ணுக்குள் வேர் இருக்கிறதே! ஒரு மழை பெய்தால் மறுபடியும் தளிர்க்கிறது. கிருமியும் அப்படித்தான். மருந்து பட்டதும் பெரும்பகுதி செத்துவிடும், வலி நின்றுவிடும். ஆனால், சளிப் படலத்தின் அடியில் மெதுவாக வளரும் கொஞ்சம் கிருமிகள் பிழைத்திருக்கும். வலி நின்ற ஐந்தாம் நாளே மாத்திரையை நிறுத்தியவருக்கு, அந்தக் கொஞ்சமே பிறகு பெருகிவிடும்.

மூன்றாங்காரணம்: பழையது முழுவதும் செத்தது, வெளியிலிருந்து புதிதாக ஒன்று தொற்றியது.

இந்த இரண்டாவதையும் மூன்றாவதையும் எப்படிப் பிரித்தறிவது? வைத்தியத்துக்கு முன் எடுத்த கிருமியின் மரபணுவையும், பின் எடுத்த கிருமியின் மரபணுவையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கைரேகையைப் பார்த்துத் திருடனைக் கண்டுபிடிப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல குடிநீரும் கழிப்பறையும் உள்ள நாடுகளில், முதல் ஆண்டுக்குள் திரும்பிய கிருமி பெரும்பாலும் பழைய கிருமியாகவே இருந்தது. பெரியவர்களுக்குப் புதிதாகத் தொற்றுவது அங்கே அரிது. வசதி குறைந்த நாடுகளில் புதிய தொற்று கூடுதல். 2008இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வளர்ந்த நாடுகளில் குணமானவர் நூறு பேரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3 பேருக்குக் கிருமி திரும்பியது. வளரும் நாடுகளில் அது 13 பேர். 2017இல் வந்த இன்னொரு தொகுப்பு, உலகம் முழுவதற்கும் சராசரி நூற்றுக்கு 4 பேர் அளவில் என்று சொன்னது.

இந்தக் கணக்கிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு. ஒன்று: உண்மையாகவே குணமானவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கிருமி திரும்புவதில்லை, மருந்தில் சத்து இருக்கிறது. மற்றொன்று: திரும்பி வந்தால் மனைவியின் குழம்பைக் குற்றம் சொல்வதற்கு முன், "முதல் தடவை கிருமி செத்ததா?" என்று கேட்க வேண்டும்.

செத்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? வலி நின்றதை வைத்துச் சொல்ல முடியாது. அதற்கென்று சோதனை இருக்கிறது. மூச்சுச் சோதனை என்பார்கள். யூரியா கலந்த ஒரு பானத்தைக் குடிக்கக் கொடுத்து, சற்று நேரம் கழித்து ஒரு பையில் ஊதச் சொல்வார்கள். கிருமி இருந்தால் அது யூரியாவை உடைக்கும். அதிலிருந்து வரும் அடையாளமிட்ட கரி மூச்சில் தெரியும். ஊசி இல்லை, குழாய் இல்லை, வலி இல்லை. மலத்தைச் சோதித்துப் பார்க்கும் முறையும் உண்டு.

இந்தச் சோதனைக்குக் காலக்கணக்கு முக்கியம். கிருமிக்கொல்லி மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். ஓமெப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரையை, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, சோதனைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். ஏன்? மருந்தின் வேகத்தில் பதுங்கியிருக்கும் கிருமி அவசரப்பட்டுச் செய்யும் சோதனையில் அகப்படாது. "இல்லை" என்று சீட்டு வரும். நாமும் குணமாகிவிட்டது என்று நம்பிவிடுவோம். வேர் உள்ளே இருக்கும். திரும்பி வந்தது என்று சொல்லப்படும் கிருமிகளில் சில, இப்படிப் போகாமலே போனதாகக் கருதப்பட்டவைதாம்.

இன்னொரு செய்தி. இரத்தத்தைச் சோதித்துச் சொல்லும் முறையும் ஒன்றிருக்கிறது. அது கிருமியைப் பார்ப்பதில்லை. கிருமியோடு உடம்பு போரிட்ட தடயத்தைப் பார்க்கிறது. கிருமி செத்துப் பல மாதங்கள், சிலருக்கு வருடங்கள் ஆன பிறகும் அந்தத் தடயம் இருக்கும். ஆகவே, குணமானதா என்று அறிய இரத்தச் சோதனை உதவாது. அதைப் பார்த்துவிட்டு "ஐயோ, திரும்பி வந்துவிட்டதே" என்று பயப்பட வேண்டியதில்லை.

"சோதனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போகுமே" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கவலைதான். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குடிமக்களுக்குப் புறநோயாளிக் கட்டணம் ஒரு வெள்ளி. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி மருத்துவர் சான்று கொடுத்தால் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கும் ஆண்டுக்கு 14 நாள் வரை உண்டு. சோதனை எங்கே செய்கிறார்கள், எந்த நாளில் வர வேண்டும் என்பதை மாத்திரை வாங்கும் அன்றைக்கே கேட்டு நாள்காட்டியில் குறித்து வைத்துவிடுங்கள். ஒரு நாள் அலைச்சலைத் தவிர்க்கப் போய், ஒரு வருடம் கழித்து இரத்த வாந்தியோடு அவசரப் பிரிவில் கிடப்பது கட்டுபடியாகுமா?

இனி, மருந்து சாப்பிடும் முறை. இரண்டு அல்லது மூன்று கிருமிக்கொல்லி மருந்துகளும் ஒரு அமிலக் குறைப்பு மாத்திரையும் சேர்த்து, இக்காலத்தில் பெரும்பாலும் 14 நாள் கொடுக்கிறார்கள். சில முறைகளில் பிஸ்மத் என்ற மருந்தும் சேரும். வாயில் கசப்பு, உலோகச் சுவை, வயிற்றோட்டம், குமட்டல் வரலாம். இவற்றுக்குப் பயந்து நாமாக நிறுத்திவிடக்கூடாது; தாங்க முடியவில்லை என்றால் மருத்துவரிடமே போக வேண்டும். பிஸ்மத் சாப்பிடும் நாள்களில் மலம் கறுத்துப் போகும். அது மருந்தின் நிறம். மெட்ரோனிடசோல் என்ற மாத்திரை இருந்தால் கள்ளும் சம்சுவும் பீரும் தொடவே கூடாது. மருந்து முடிந்த பிறகும் சில நாள் பொறுக்க வேண்டும். சிகரெட் பிடிப்பவருக்கு வைத்தியம் தோற்க வாய்ப்புக் கூடுதல். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும்.

மாத்திரைச் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள் என்று தாய்மார்களைச் சிறப்பாகக் கேட்டுக்கொள்கிறோம். அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள். ஏனென்றால், முதல் வைத்தியத்தில் பிழைத்த கிருமி அந்த மருந்துக்குப் பழகிப் போயிருக்கலாம். கிளாரித்ரோமைசின் என்ற மருந்துக்கு அடங்காத கிருமிகள் உலகின் பல பகுதிகளில் பெருகி வருகின்றன. இரண்டாம் தடவை மருத்துவர் வேறு மருந்துகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முன்பு என்ன கொடுத்தார்கள் என்று தெரிந்தால்தானே அது முடியும்? அதே காரணத்தால், மீந்த மாத்திரையை அடுத்த வீட்டுக்காரருக்குக் கொடுப்பதும், பழைய சீட்டைக் காட்டித் தாமே வாங்கிச் சாப்பிடுவதும் கூடாது.

புதிய தொற்றைத் தடுக்க என்ன செய்யலாம்? மலங்கழித்த பின்னும் சமைக்கும் முன்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். கிணற்று நீரையும் தொட்டி நீரையும் கொதிக்க வைத்துக் குடியுங்கள். சோற்றை மென்று பிள்ளை வாயில் ஊட்டும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒருவருக்குக் கிருமி மறுபடி மறுபடி வருமானால், வீட்டிலுள்ள மற்றப் பெரியவர்களையும் சோதிக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால், எல்லாவற்றையும் வீட்டுக்காரி ஒருத்தியின் தலையில் கட்டிவிட முடியாது. நல்ல குழாய்நீரும் கழிப்பறையும் தருவது தோட்ட நிருவாகத்தின் கடமை. 1990ஆம் ஆண்டு தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் அதைச் சொல்கிறது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் சேர்ந்து போய்க் கேளுங்கள். அதுவும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் சில உண்டு. இரத்த வாந்தி, காப்பித் தூள் போன்ற வாந்தி, பிஸ்மத்தோ இரும்புச் சத்து மாத்திரையோ சாப்பிடாதபோது தார் போலக் கறுத்த மலம், திடீரென்று வயிற்றில் கத்தி குத்துவது போன்ற வலி: இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். காரணமின்றி உடம்பு இளைத்தாலும், விழுங்கும்போது தொண்டை அடைத்தாலும் நாள் கடத்தக்கூடாது.

நம் குடும்பம் என்ன ஆயிற்று என்று சொல்லி முடிக்கிறோம். கணவர் பழைய மாத்திரைச் சீட்டோடு மருத்துவரிடம் போனார். "சென்ற முறை எத்தனை நாள் சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டார் மருத்துவர். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "வலி நின்றதும் விட்டுவிட்டேன் டாக்டர்" என்றார். "வலி போனதா என்று நீங்கள் பார்த்தீர்கள். கிருமி போனதா என்று இந்தத் தடவை நாம் பார்ப்போம்" என்றார் மருத்துவர். சோதித்தார்கள்; கிருமி இருந்தது. வேறு மருந்து, முழுதாகப் பதினான்கு நாள். ஒவ்வொரு வேளையும் மனைவி நாள்காட்டியில் கோடு போட்டார். ஆறு வாரம் கழித்து மூச்சுச் சோதனை. கிருமி இல்லை.

அன்று இரவு குழம்பில் காரம் எப்போதும் போலத்தான் இருந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை.